எரிகிற விளக்கின் மேல் ஒரு சந்தேகம்

விளக்கு எரிந்தது. சல்லடைக்குச் சிக்கலே அதுதான்.

எரியாத விளக்கு என்றால் ஆயிரம் காரணம் சொல்லலாம். பல்ப் போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், வயரை எலி கடித்திருக்கும். எரிந்துகொண்டிருக்கிற விளக்கைப் பார்த்து, 'அன்றைக்கு நீ எரியவில்லை' என்று எப்படி நிரூபிப்பது?

போலீஸ் யார்டில், பிடித்துப்போட்ட வண்டிகளுக்கு நடுவே அந்தப் பழைய பிக்கப் நின்றது. செங்கல்லும் பழைய இரும்பும் சுமந்து முதுகு வளைந்த வண்டி. ஆனால் மேலுக்குப் புத்தம்புதுப் பச்சை பெயின்ட். இடது பக்க மூக்கு உள்ளே அமுங்கி, சக்கரத்தை மூடும் ஃபெண்டர் தகடு சுருங்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே இடது ஹெட்லைட், கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும், வலதுக்குச் சமமாகப் பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, ரெண்டு கண்ணும் நல்லாத்தான் முழிச்சுக்கிட்டிருக்கு. எனக்குத்தான் தூக்கம் வருது" என்றான் ஹாரன்.

ஹாரன் அவளுடைய உதவியாள். தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் மூடும் என்பார்கள். அப்போதும் குறட்டை உண்டு. அதனால் வந்த பெயர். சல்லடை என்பதும் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளைத் துப்பறிவது அவள் தொழில். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்தது.

போன வாரம் அவள் சலிக்கவில்லை. உச்சி வெயிலில் வந்தாள், ஸ்விட்சைப் போட்டாள், இரண்டு விளக்கும் எரிந்தன. 'விளக்கில் கோளாறு இல்லை. விளக்கு போய்விட்டது என்று டிரைவர் சொல்வது பொய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிழலைத் தேடிப் போய்விட்டாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பிக்கப் டிரைவரை உள்ளே வைத்திருந்தார்கள். நாளைக் காலை ஜாமீன் விசாரணை. பொய் சொல்கிறவனுக்கு ஜாமீன் கொடுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

இடிபட்டவர் ஒரு வாட்ச்மேன். பொழுது சாய்கிற நேரம், வேலைக்குப் போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 'லாரியோ வேனோ வரலை சார், ஒரு பைக்குதான் வந்துச்சு' என்று அவர் சொன்னதை, அடிபட்ட மயக்கத்தில் உளறுகிறார் என்று போலீஸ் ஒதுக்கிவிட்டது. சல்லடையும்தான் ஒதுக்கினாள்.

"மேடம்" என்றார் யார்டு காவலர், தொப்பியால் விசிறிக்கொண்டே. "போன வாரம் எரிஞ்ச லைட்டு இந்த வாரமும் எரியுதான்னு பாக்க வந்தீங்களா?"

"ஆமா சார். நான் ஒழுங்கா பாத்திருந்தா நீங்க இன்னைக்கு வெயில்ல நிக்க வேண்டியதில்ல."

காவலர் விசிறுவதை நிறுத்தினார். தப்பை ஒப்புக்கொள்கிறவரிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

யார்டு வாசலில், எரிந்துபோன பஸ்ஸின் நிழலில் டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். சுமை தூக்கிக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல். காலையில் ஆபீசுக்கு வந்தவள் அழவில்லை, கெஞ்சவில்லை. 'எங்க வீட்டுக்காரரு லைட்டு விஷயத்துல பொய் சொல்லலம்மா. ரோட்டோரம் பஞ்சர் கடைக்காரரு பாத்தாராம். செத்த மீன் கண்ணு மாதிரி மங்கலா இருந்துச்சாம்' என்று மட்டும் சொன்னாள்.

அந்த மீன் கண் சல்லடையின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"ஹாரன், பல்ப் போனா விளக்கு எப்படி இருக்கும்?"

"இருட்டா இருக்கும்."

"ஃபியூஸ் போனா?"

"அதைவிட இருட்டா இருக்கும். என்னக்கா, பரீட்சை வைக்கிறீங்களா?"

"மங்கலா எரியணும்னா?"

ஹாரன் யோசித்தான். "கரண்ட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம்."

"கரண்ட்டு நல்லாத்தான் இருக்கு. விளக்கு வரைக்கும் வந்துடுது. திரும்பிப் போறதுக்குத்தான் சரியான வழியில்ல. வீட்டுக்குள்ள விடாம வாசல்லயே நிறுத்தி வெச்ச மாப்பிள்ளை மாதிரி நிக்குது. பானெட்டைத் தூக்கு."

பானெட் முனகிக்கொண்டு திறந்தது. விளக்கின் பின்னாலிருந்து இரண்டு வயர்கள். ஒன்று கரண்ட்டைக் கொண்டுவருவது. இன்னொன்று கறுப்பு, அது கரண்ட்டை வண்டியின் உடம்புக்குத் திருப்பிவிடும் எர்த் வயர். அதன் நுனியில் ஒரு வளையம். வளையத்தை ஒரு போல்ட் ஃபெண்டரின் உட்பக்கத் தகட்டோடு இறுக்கிப் பிடித்திருந்தது.

போல்ட்டின் தலையும் பச்சை. வளையத்தின் விளிம்புக்குக் கீழேயும் பச்சை.

"சார், உங்க போன்ல வீடியோ எடுங்க. நான் கழட்டறது ஒவ்வொண்ணும் அதுல வரணும்."

காவலருக்குத் திடீரென்று இந்த வேலையில் ருசி தட்டிவிட்டது. போனை எடுத்து, படம் பிடிக்கிற கல்யாண வீடியோக்காரர் மாதிரி குனிந்தார். "மேடம், கொஞ்சம் தலையை நகத்துங்க, மறைக்குது."

சல்லடை ஸ்பேனரை வைத்துப் போல்ட்டைக் கழற்றினாள். வளையத்தைத் தூக்கினாள். அதன் அடியில் இரும்பு இல்லை. வழவழவென்று, தூசி தும்பில்லாமல், அழகான பச்சைப் பெயின்ட். போல்ட் இறங்குகிற ஓட்டைக்குள்ளும் பெயின்ட். அந்தப் பச்சையின் ஓரத்தில் மட்டும், நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் கோடு. உள்ளே இரும்பு வெள்ளையாக மின்னியது. துருவின் நிழல்கூட இன்னும் படியவில்லை.

"மத்த பெயின்டருங்க போல்ட்டோட சேத்து அடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றாள் அவள். "இரும்பும் இரும்பும் ஒட்டின எடம் அப்படியே இருக்கும். இந்த ஆளு போல்ட்டைக் கழட்டி, வயரை ஒதுக்கி, கீழயும் அடிச்சு, போல்ட்டைத் தனியாத் தொங்கவிட்டு அதுக்கும் அடிச்சிருக்கான். அடிச்சு முடிச்சுத் திரும்ப மாட்டியிருக்கான்."

"வேலைன்னா இப்படில்ல இருக்கணும்!" என்றான் ஹாரன்.

"வேலை சுத்தம். கரண்ட்டுக்குத்தான் கதவைச் சாத்திட்டான்."

"அப்ப இப்ப எப்படி மேடம் எரியுது?" காவலரின் போன் அவள் முகத்துக்குத் திரும்பியது.

அவள் வளையத்தைப் பழையபடி வைத்து முடுக்கினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மறுபடி தளர்த்தி, காவலரிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கி, அட்டையில் ஒரு துண்டு கிழித்து, அந்த வெள்ளைக் கீறலின் மேல் செருகி முடுக்கினாள்.

இடது விளக்கு மஞ்சளாகி, சிவந்து, மங்கியது. செத்த மீன் கண்.

ஹாரன்தான் ஆரம்பித்தான். "அப்படின்னா... இடிச்ச இடியில..."

"தகடு சுருங்கியிருக்கு. வளையம் பெயின்ட்டைக் கீறிக்கிட்டு இரும்புல உக்காந்துடுச்சு. ஆளை இடிக்கிற வரைக்கும் ஒழுங்கா எரியாத விளக்கு, ஆளை இடிச்சதாலேயே எரிய ஆரம்பிச்சுது. அடுத்த நாள் வந்து நான் ஸ்விட்சைப் போட்டுப் பாத்துட்டு, ஆஹா எரியுதுன்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

வாட்ச்மேன் உளறவில்லை. ஒற்றை வெளிச்சம் வந்தால் பைக் என்றுதானே எவரும் நினைப்பார்? நடுரோட்டில் பைக் வருகிறது, நமக்கு இடமிருக்கிறது என்று அவர் காலெடுத்து வைத்திருக்கிறார். வெளிச்சமில்லாத இடது மூக்கு வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது. இதெல்லாம் அந்த வாக்குமூலத்திலேயே இருந்தது. அவள்தான் படித்தும் படிக்கவில்லை.

தெரிந்த ஒர்க்ஷாப்பில் விசாரித்து, வண்டிக்குப் பச்சை அடித்த பெயின்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கம்ப்ரசர் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"அந்தப் பச்சை பிக்கப்பா? நாந்தான் அடிச்சேன். ஏன், எங்கயாவது கொறை தெரியுதா?"

"கொறையே தெரியலப்பா. எர்த் போல்ட்டுக்குக் கீழகூட அடிச்சிருக்கியே."

"பாத்தீங்களா!" அவன் குரல் மலர்ந்தது. "ஒருத்தனும் கழட்ட மாட்டான்க்கா. நான் கழட்டுவேன். துரு அங்கதான் மொதல்ல..." சட்டென்று நின்றான். கம்ப்ரசர் மட்டும் இரைந்தது. "எர்த் போல்ட்டா?" என்றான் கொஞ்சம் கழித்து. இன்னும் கொஞ்சம் கழித்து, "அந்த வாட்ச்மேன் பொழச்சுக்குவாரா அக்கா?"

"பொழச்சுக்குவாரு. நீ கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்லணும்."

"வர்றேன்" என்றான். பெருமையெல்லாம் இறங்கி, காற்றுப்போன டயர் மாதிரி ஆகிவிட்டது அவன் குரல்.

ஹாரன் கையைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சுது கேசு! பஞ்சர் கடைக்காரரோட கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டா, டிரைவரு நாளைக்கு வீட்டுச் சோறு." வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு சொன்னது நெசம்தான்!"

டிரைவரின் மனைவி தலையாட்டினாள். எப்படி, என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சல்லடை அதைக் கவனித்தாள். கவனித்ததை இந்தத் தடவை ஒதுக்கவில்லை.

பஞ்சர் கடை, விபத்து நடந்த இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மீன் கண்ணைப் பத்தி ஒரு கையெழுத்து வேணும்" என்றான் ஹாரன்.

"மீன் கடை அடுத்த தெரு."

"அட, அந்த பிக்கப் லைட்டுண்ணே. செத்த மீன் கண்ணு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அந்தம்மாகிட்ட."

கடைக்காரர் நிமிர்ந்தார். "எந்தம்மா? தம்பி, அன்னைக்கு நான் கடையே திறக்கல. மாமியாருக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில கெடந்தேன். மறுநாள் வந்துதான் ரோட்டுல கண்ணாடித் துண்டைப் பாத்தேன். யாருகிட்டயும் எந்த மீனும் நான் சொல்லல."

டியூபின் ஓட்டையிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. ஹாரன் கையெழுத்துக்கு எடுத்த பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தான்.

திரும்பும் வழியில் அவன்தான் மெதுவாகக் கேட்டான். "அப்ப சாட்சி பொய்யா அக்கா?"

"சாட்சிதான் பொய். சாட்சி சொன்னது நெசம். நாமளே கண்ணால பாத்தோமே. அப்படி மங்கி எரிஞ்சதை, எரிஞ்சப்பவே பாத்த யாரோ ஒருத்தர்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியும்."

"டிரைவரு சொல்லியிருப்பாரு, ஜெயில்ல பாக்கப் போனப்ப."

"அவரு வாக்குமூலத்துல லைட்டு 'பட்டுன்னு போயிடுச்சு'ன்னுதான் இருக்கு. மங்கிச்சுன்னு சொல்லவே இல்ல. ஏன் சொல்லல?"

யார்டுக்கு வந்ததும் அவள் நேராக பிக்கப்பின் இடது ஃபெண்டருக்குப் போனாள். காலையில் அடிபட்ட இடத்தைத்தான் பார்த்தாள். இப்போது அடிபடாத மேல்பாகத்தைப் பார்த்தாள். பச்சைப் பெயின்டின் மேல் கறுப்புத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ரப்பர் உரசிய தடம். வட்டமாக இல்லை, நீண்டிருந்தன. எல்லாம் ஒரே திசை: ஜன்னல் பக்கத்திலிருந்து முன்னோக்கி.

"ஹாரன், விளக்கு எரியறதுக்காக யாரோ இங்க தட்டியிருக்காங்க. சீட்டுக்குப் பின்னாடி பாரு. தார்ப்பாய் தூக்கிவிடற கம்பு இருக்கும்."

இருந்தது. சுமைக்கு மேல் போர்த்தும் தார்ப்பாய் கிழியாமல் இருக்க, கம்பின் நுனியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"டிரைவர் சீட்டுல உக்காந்து, அந்தப் பக்க ஜன்னல் வழியா இங்க தட்டு."

ஹாரன் முயன்று பார்த்தான். கம்பு ஜன்னல் சட்டத்தில் இடித்தது. முழங்கை கியரில் இடித்தது. கடைசியில் அவனே டேஷ்போர்டில் இடித்துக்கொண்டான். "இதுக்குக் குரங்குக் கை வேணும் அக்கா."

"இறங்கி நின்னு தட்டு."

தட்டினான். தூசியில் வட்டமாக ஒரு பொட்டு விழுந்தது.

"இப்ப இடது சீட்டுல உக்காந்து, கையை வெளிய விட்டுத் தட்டு."

அவன் உட்கார்ந்து கம்பை நீட்டினான். டொக். ரப்பர் வழுக்கி, முன்னோக்கி நீளமாக ஒரு கறுப்புக் கோடு இழுத்தது. பழைய தடங்களோடு அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றது. ஹாரன் அதைப் பார்த்தான், அப்புறம் வாசலைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

சல்லடை எரிந்த பஸ்ஸின் நிழலுக்கு நடந்தாள்.

"நீ எத்தனை நாளா தட்டிக்கிட்டிருந்த தங்கச்சி?"

டிரைவரின் மனைவி கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை. உதடு மட்டும் இறுகியது. பிறகு, இவ்வளவு நேரம் நின்றவள், பஸ்ஸின் படியில் உட்கார்ந்தாள்.

"பெயின்ட் அடிச்சு வந்ததுலேர்ந்து" என்றாள். "சுமை ஏத்த எறக்க நானும் கூடப் போவேன். ஆள் வெச்சா கட்டுப்படியாகாது. லைட்டு மங்கும். அவரு 'தட்டு'ம்பாரு. நான் கம்பை வெளிய விட்டு ஃபெண்டர்ல ஒண்ணு போடுவேன், தகடு அதிரும். எரியும். அதுவே பழகிப்போச்சு. காட்டலாம்யா, எலெக்ட்ரீசியன்கிட்ட காட்டலாம்யான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். தட்டினா எரியுதுல்ல, அப்புறம் என்னன்னாரு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் தட்டுன்னாரு." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து செங்கல் எறக்கி முதுகு ஒடிஞ்சு கெடந்துச்சு. வழி முழுக்கச் சண்டை. எனக்கு ஆத்திரம். தட்ட மாட்டேன்னேன். கையைக் கட்டிக்கிட்டேன். 'இருட்டுல ஓட்டிப் பாரு, அப்பத்தான் ஒனக்கு உறைக்கும்'னேன்."

எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது. அவள் தொடரக் காத்திருந்தாள் சல்லடை.

"சொல்லி வாயை மூடல. அந்தப் பெரியவரு சைக்கிளோட பறந்தாரு. என் பக்கம்தான். என் கண்ணு முன்னாடிதான். ஒரே ஒரு தட்டு அக்கா. கையை அவுத்து ஒரு தட்டு தட்டியிருந்தா..."

ஹாரன் கம்பைக் கீழே வைத்தான், சத்தம் வராமல்.

"அவருதான் என்னை எறக்கிவிட்டாரு. கூட்டம் சேர்றதுக்குள்ள போ, வீட்டுல பொண்ணு தனியா இருக்கா, ரெண்டு பேரும் மாட்டினா அவளுக்கு யாரு, நீ வண்டியிலயே இல்லன்னாரு. நான் போயிட்டேன். அந்தப் பெரியவரு கத்துறது கேக்குது, நான் திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டேன்."

சல்லடை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"கேளு. அந்த போல்ட்டை மட்டும் நான் எழுதிக் கொடுத்தாலே, உன் வீட்டுக்காரரு நாளைக்கு வெளிய வந்துடுவாரு. லைட்டு எரியலைங்கிறது நெசம்னு ஆயிடும். பழி பெயின்டர் தலையில போகும். தட்டினது, தெரிஞ்சே ஓட்டினது, இதெல்லாம் சேந்தா அவருக்கு ஜாமீன் கெடைக்கலாம், ஆனா கேசு விடாது. லைசென்ஸும் போகும். உன்னையும் கூப்பிடுவாங்க."

"நீங்க எழுதாம இருப்பீங்களா?"

இந்தக் கேள்விதான் வரும் என்று சல்லடைக்குத் தெரியும். வழி நெடுக அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தாள். போன வாரம் பாதி பார்த்துவிட்டு இவள் புருஷனை உள்ளே தள்ளியாயிற்று. அதற்குப் பரிகாரமாக இந்த வாரம் பாதி எழுதி வெளியே எடுக்கலாமா?

"முடியாதும்மா" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "பாதியைப் பாத்து எழுதினதுக்கே இன்னும் எனக்குத் தூக்கம் வரல."

அவள் கோபப்படுவாள், காலில் விழுவாள் என்று சல்லடை எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. பழி பெயின்டர் தலையில் போகும் என்றபோதுதான் அவள் முகம் அசைந்திருந்தது.

"அந்தப் பையன் வேலையை ஒழுங்காத்தானே செஞ்சான்" என்றாள். "லைட்டு மங்குதுன்னு நாங்க ஒரு தடவை போய்ச் சொல்லியிருந்தா, அன்னைக்கே அவன் சரி பண்ணியிருப்பான். எங்களுக்குத் தட்டத் தெரிஞ்சுது, அதனால சொல்லல." எழுந்தாள். "அந்தப் பெரியவரு, பைக்குன்னு சொன்னாராமே. யாரும் நம்பலையாமே."

"நம்பல. நானும் நம்பல."

அவள் புடவையை உதறிக்கொண்டு யார்டு காவலரின் மேஜைக்குப் போனாள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு ரசித்துக்கொண்டிருந்தவர், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"சார், எழுதிக்குங்க. அன்னைக்கு வண்டியில நானும் இருந்தேன்."

"என்னம்மா சொல்ற? உன் புருஷன் தனியா வந்தேன்னாரே."

"இல்ல சார். இடது சீட்டுல நான் இருந்தேன். லைட்டு போனது ரெண்டு பேருக்கும் தெரியும்."

காவலர் சல்லடையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் கண் காட்டுவாளோ என்று பார்த்த மாதிரி இருந்தது. அவள் நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டாள்.

"முதல்ல என்னோடதை எழுதுங்க சார்" என்றாள். "போன வாரம் நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு. அப்புறம் இவங்களோடது."

காவலர் பேனாவைத் தேடினார். ஹாரன் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஒரு நிமிஷம் சார், ஒரு போன் பண்ணிக்கிறேன்." டிரைவரின் மனைவி பக்கத்து வீட்டுக்கு அழைத்து, கைபேசியைக் காதில் வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்கா, நாந்தான். பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா உங்க வீட்டுல இருக்கட்டும்... ஆமா, சாப்பாடும்தான்... இல்லக்கா, அவரை விடலை." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"நான் வர்றதுக்கும் நேரமாகும்" என்றாள். "எவ்வளவு நேரம்னு தெரியல."